மூன்று முறை விலை கேட்கலாம்

ஜூலை 20, ஞாயிறு

என் பெயரில் பதிவாகியிருக்கும் வண்டி என்னுடையதுதானா? ஒன்பது வருடங்களுக்கு முன் கல்லூரிக் கூட்டுறவுச் சங்கத்தில் எனக்குத்தான் கடன் கிடைத்தது. அதனால் பதிவு என் பெயரில். ஓட்டுவது என் கணவர். கழுவுவதும் அவர். ஒரு சாவி அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. இன்னொன்று எங்கே என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு ஓட்டத் தெரியாது.

இன்று பதினோரு மணிக்கு, அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது, அதை விற்பனைச் செயலியில் போட்டேன். துறையில் என்னோடு வேலை பார்க்கும் பர்வீன் அவளுடைய கணக்கை என் ஃபோனில் திறந்து தந்திருந்தாள். விற்பவர் பெயர் பர்வீன் என்று வரும். விலை இரண்டரை லட்சம். இதே ரகக் கார், இதே வயது, இருபத்திரண்டு விளம்பரங்களைப் பார்த்துச் சராசரி எடுத்தேன். புள்ளியியல் பாடம் நடத்துபவள் வேறு எப்படி விலை வைப்பாள்? நிலவரம் என்ற கட்டத்தில் ‘இடது பக்கத்தில் இரண்டு கீறல்கள்’ என்று எழுதினேன். ஒன்று எங்கள் வீட்டுக் கேட்டுத் தூண். இன்னொன்று தலைமைத் தபால் நிலையம் அருகே குப்பைத்தொட்டி. ‘விற்கும் காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டாயமில்லை என்று போட்டிருந்ததால் காலியாக விட்டேன்.

விதிகளை இரண்டு முறை படித்தேன். வாங்க நினைப்பவர் ஒரு தொகையும், கூடவே சில வரிகளும் அனுப்பலாம். விற்பவருக்கு நாற்பத்தெட்டு மணி நேரம். ஏற்கலாம், மறுக்கலாம், வேறு விலை சொல்லலாம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் தானாகக் காலாவதியாகிவிடும். ஒருவர் ஒரு பொருளுக்கு மூன்று முறைதான் விலை கேட்கலாம். ஏற்றுக்கொண்டால் இருவரும் கட்டுப்பட வேண்டும். அப்போதுதான் தொலைபேசி எண் தெரியும். எவ்வளவு சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள்.

வண்டி பழசாகிவிட்டது. விற்பதற்குக் காரணம் அதுதான்.

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். ஒரு கட்டில் பாதி பூ.

ஜூலை 21, திங்கள்

எட்டரைக்குக் கிளம்பினோம். கே.கே. நகரிலிருந்து கல்லூரிக்கு வழக்கமாக இருபது நிமிடம். இப்போது முப்பத்தைந்து ஆகிறது.

சுப்பிரமணியபுரம் தாண்டியதும், “அந்தத் தள்ளுவண்டில கொய்யா வந்திருக்கு பாருங்க” என்றேன். அவர் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுக்கினார். தபால் நிலையம் அருகில், “இந்தப் பசங்களுக்கு யூனிஃபார்ம் மாத்திட்டாங்க போல” என்றேன். வேகத்தைக் குறைத்தார். பையன்கள் தோளில் கைபோட்டபடி வண்டியை ஒட்டிக் கடந்து போனார்கள்.

அவருக்குக் கொய்யா பிடிக்காது. எனக்கும் யூனிஃபார்மில் அக்கறை இல்லை. முன்பெல்லாம் வண்டியில் நான் பேசுவதே கிடையாது, விடைத்தாள் திருத்துவேன். போன கார்த்திகைக்குப் பிறகுதான் இப்படி ஆனேன்.

கார்த்திகையில்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வந்து, “கொஞ்சம் கண் பிரஷராம். சொட்டு மருந்து போதும்னுட்டாரு” என்றார். காலையும் மாலையும் நான்தான் சொட்டு விடுகிறேன். ரிப்போர்ட்டைப் பீரோவின் மேல் வைத்தார். நான் பார்க்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

மூன்று பேர் விலை கேட்டிருக்கிறார்கள். ஒருவர் ஒன்றரை லட்சத்து ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய் சகுனத்துக்கு. இன்னொருவர், ‘ஆவணி பிறந்ததும் எடுத்துக்கறோம், வெலைய மட்டும் இப்பவே முடிச்சு வெச்சுக்கலாமா?’ என்று கேட்கிறார். நாற்பத்தெட்டு மணி நேரம் என்று விதி எழுதியவர்களுக்கு ஆடி மாதம் என்று ஒன்று இருப்பது தெரியாது. மூன்றாமவர் வண்டிக்குப் பதிலாக ஒரு புல்லட்டும் மீதிக்குப் பணமும் தருகிறேன் என்கிறார்.

பாதிக்குப் பாதி கேட்பவர்களைச் செயலியே தடுத்துவிடுகிறது. ‘இன்று உங்களைத் தொந்தரவு செய்யாமல் நிறுத்தப்பட்டவை: நான்கு’ என்று ஒரு செய்தி வந்தது. இந்த வசதி வேறெங்கும் கிடைப்பதில்லை.

மூவரையும் மறுத்தேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அவர் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்து இலையில் உட்கார்ந்தார். வாழைக்காய் போட்டுக்கொண்டிருந்தேன். ஃபோனை மூக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மங்கை, இங்க பாரேன். நம்ம வண்டி மாதிரியே ஒண்ணு போட்டிருக்காங்க. அதே கலரு, அதே வருஷம்.”

“அப்படியா.”

“ரெண்டரை சொல்றாங்க. கொழுப்புதான. ஆடில எவன் வண்டி எடுப்பான்?”

“நமக்கு எதுக்கு அதெல்லாம்? சோறு ஆறுது.”

“சும்மா ஒரு வெலை கேட்டுப் போட்டுருக்கேன். ஒண்ணு அறுபது.”

“வாங்கவா?”

“வாங்கறதுக்கா வெலை கேப்பாங்க? ஆழம் பாக்கத்தான்.” ரசத்தை உறிஞ்சினார். “விக்கறவங்க பேரு பர்வீனாம். உங்க காலேஜ்ல கூட ஒரு பர்வீன் இருக்காங்கல்ல?”

“ஊர்ல எத்தனையோ பர்வீன்.”

“அதுவும் சரிதான்.”

துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் கொள்முதல் அதிகாரியாக இருந்தவர். இரும்புத் தகட்டிலிருந்து ஆபீஸ் டீத்தூள் வரை அவர் பேசி முடித்த விலைதான். இரண்டு வருடங்களுக்கு முன் ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு என்னைக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டு அழைத்து வருவதுதான் அவருடைய வேலை.

என் ஃபோனில் பார்த்தேன். ‘கே. பெருமாள்: ரூ. 1,60,000.’ கலியபெருமாள் என்று முழுப் பெயர் போடவில்லை. மறைக்கவும் இல்லை. படத்தில் நம்பர் பிளேட்டை அழித்திருந்தேன். ஆனால் பின் கண்ணாடியில் எங்கள் கல்லூரி ஸ்டிக்கர் பாதி தெரிகிறது. அவருக்கு இப்போது எதிரே இருப்பது தெரியும். ஓரத்தில் இருப்பது தெரியாது. படத்தின் ஓரத்தில்தான் ஸ்டிக்கர் இருக்கிறது.

தெரிந்துதான் கேட்கிறாரா?

ஜூலை 25, வெள்ளி

“அக்கா, சார் கேக்கறது என் கணக்குக்கு. மறுக்கிறேன்னு ஒரு தட்டு தட்டிடட்டுமா?” என்றாள் பர்வீன்.

“வேணாம்.”

“அப்ப ஏத்துக்கங்க. சொந்த வண்டியையே காசு குடுத்து வாங்கிட்டுப் போகட்டும். எனக்குக் கமிஷன் வெட்டுங்க.” சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “நேரா சொல்லிட வேண்டியதுதானக்கா? இனிமே ஓட்டாதீங்கன்னு.”

“சொன்னா என்னை பஸ்ல போகச் சொல்லுவாரு. நான் பஸ்ல போனா அவரு தனியா ஓட்டுவாரு.”

“அதுக்காக நீங்க தினம் உயிரக் கையில புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காரணுமா?”

என் உயிரைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டாள். நான் யோசிப்பது சாலையின் இடது ஓரத்தில் போகிறவர்களைப் பற்றி.

நாற்பதாவது மணி நேரத்தில் பதில் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வேறு விலை: 2,45,000. செய்தி ஒன்றும் எழுதமாட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

நேற்று அனுப்பியதற்கு இன்று காலை பதில் வந்தது. அவர் கூடத்தில் இருந்தார். நான் சமையலறையில். நடுவே பத்தடி.

‘ரூ. 1,90,000. விற்கும் காரணம் போடவில்லையே. தெரிந்துகொள்ளலாமா?’

எழுத்தில் அவர் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார். முதலில் ‘வெளியூர் மாற்றல்’ என்று எழுதி அழித்தேன். ‘புதிய வண்டி வாங்குவதால்’ என்று எழுதி அதையும் அழித்தேன். கடைசியில் இப்படி அனுப்பினேன்:

‘ரூ. 2,40,000. ஓட்டுபவருக்குப் பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது.’

கூடத்தில் அவருடைய ஃபோன் மணியடித்தது. பாலைப் பொங்கவிட்டுத் துடைத்தேன். துடைத்து முடித்த பிறகு, “காப்பி ஆச்சா?” என்று குரல் வந்தது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். “சக்கரை கம்மி” என்றார்.

ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை என்று இருபத்தொன்றாம் தேதி எழுதியிருக்கிறேன். பார்த்தேன். தை மாதமே பார்த்தேன். இரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் கொஞ்சம் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. கீழே ‘வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்கவும்’ என்று மருத்துவர் கையால் எழுதியிருந்தார். வரைபடம் படிக்கக் கற்றுக்கொடுத்து மாதச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அந்தப் படம் புரியக் கடினமாக இல்லை.

ஜூலை 28, திங்கள்

வண்டியில் நான் கடைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே போனேன்.

ஜூலை 29, செவ்வாய்

மதியம் மூன்று மணிக்கு ஒரு நல்ல விலை. ரோஸ்லின் என்று ஒரு பெண், லால்குடியில் நர்ஸ்.

‘ரூ. 2,30,000. டூட்டி மாத்தி மாத்தி வருது, பஸ்ஸ நம்ப முடியல. எங்களுக்கு ஆடி ஆவணியெல்லாம் கிடையாது. ஞாயித்துக்கிழம ஆஃப். வந்து எடுத்துக்கவா?’

இதைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார். கெடு வியாழன் மூன்று மணி.

ஏற்றுக்கொண்டால் ஞாயிறன்று அவள் வந்து நிற்பாள். சாவி அவர் பையில் இருக்கிறது, ஆர்.சி. அட்டை அவருடைய பர்ஸில் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு பட்டன் மட்டும்.

சாயங்காலம் அவராகவே சொன்னார்: “ஞாயித்துக்கிழம ஆடிப் பதினெட்டு. வழக்கம்போல அம்மா மண்டபம் போயி ஆத்துல கால நனைச்சுட்டு வந்துருவோம். வெள்ளனக் கெளம்பினா மண்டபம் பக்கத்துலயே வண்டிய விட்டுரலாம்.”

“கூட்டமா இருக்குமே. கொழந்த குட்டியெல்லாம் ரோட்டுலதான் நிக்கும்.”

“வருஷா வருஷம் போறதுதான.”

ஜூலை 30, புதன்

இன்று ஒரு சோதனை செய்தேன். செய்திருக்கக் கூடாது. பாலக்கரைக்கு முன்னால் ஆள் நடமாட்டம் குறைந்த ஓரிடத்திலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. நூறு மீட்டர் போனோம். வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. நடப்பவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். பின்னால் ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டிருந்தன.

“என்ன மங்கை,” என்றார் எதிரே பார்த்தபடி. “இன்னிக்கு ரோட்டுல ஒரு கடையும் இல்லையா?”

ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தேன்.

“இருக்கு. எளநிக் கடை. ரோட்டுலயே போட்டு வெச்சிருக்கான்.”

வலப்பக்கம் ஒதுக்கி, இளநீர்க் குலைகளைத் தாண்டி, என்னைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டார். “சாயந்தரம் நாலேகால்தான?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒன்பது மாதமாக நான் நடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். நடித்தது நான் மட்டுமில்லை.

ஜூலை 31, வியாழன்

ரோஸ்லின் கேட்ட விலை காலாவதியாகிவிட்டது. உள்தேர்வுக் கண்காணிப்பில் இருந்தேன். ஃபோன் பைக்குள் இருந்தது.

தேர்வு பன்னிரண்டரைக்கு முடிந்தது. காலாவதியானது மூன்று மணிக்கு. இரண்டே முக்காலுக்கு ஃபோனை மேஜை மேல் வைத்து, நிமிடங்கள் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதையும் எழுதிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

விளக்கேற்றிவிட்டு வந்தபோது ஃபோனில் செய்தி இருந்தது. அவருடைய மூன்றாவது, கடைசி முறை.

‘ரூ. 2,50,000.’

சொன்ன விலை. வாழ்நாளில் சொன்ன விலைக்கு ஒரு கத்தரிக்காய்கூட வாங்காதவர். கீழே எழுதியிருந்தது:

‘கீறல் இரண்டு அல்ல, மூன்று. மூன்றாவது பின்சக்கரத்துக்கு மேலே. ஜூலை 5. நீங்கள் தஞ்சாவூர் போயிருந்த நாள். விவரத்தைத் திருத்திவிட்டு நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுக்கவும். என் விலையை மறுத்துவிடவும்.’

டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். இடது பின்சக்கரத்துக்கு மேல், என் கண்ணில் படாத உயரத்தில், ஒரு சாண் நீளம். அதில் இளஞ்சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது. பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளில் அந்த நிறம் இருக்காது.

ஜூலை 5 அன்று நான் தஞ்சாவூரில் கருத்தரங்கில் இருந்தேன். இரவு திரும்பியபோது வண்டி கழுவித் துடைத்து நின்றது. இட்லி அவித்து வைத்திருந்தார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

உள்ளே வந்து, ‘இடது பக்கத்தில் மூன்று கீறல்கள்’ என்று திருத்தினேன். பிறகு மறுக்கிறேன் என்பதைத் தொட்டேன். ‘நிச்சயமாகவா? இவர் மீண்டும் விலை கேட்க முடியாது’ என்று செயலி கேட்டது. தொட்டேன்.

கூடத்தில் மணியடித்தது.

“மறுத்துட்டாங்க” என்றார்.

“அப்படியா.”

“நல்லதுதான். சொன்ன வெலைக்கே ஒருத்தன் கேட்டா சந்தேகப்படத்தான் வேணும்.”

அந்தச் சைக்கிளைப் பற்றி நான் கேட்கவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டு, சொட்டு மருந்து நேரம் என்று மட்டும் சொன்னேன். தலையைப் பின்னால் சாய்த்தார்.

ஆகஸ்ட் 2, சனி

விவரம் மாறினால், முன்பு விலை கேட்டவர்களுக்குச் செயலியே தகவல் அனுப்பிவிடுமாம். காலை ஏழு மணிக்கே ரோஸ்லின்: ‘ரூ. 2,25,000. ஒரு கீறல் கூடிருச்சே.’

புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டிருந்தேன். எண்ணெய் பிரியும் நேரம். அவர் சமையலறை வாசலில் நின்றார். ஆட்குறைப்புக்குப் பிறகு நான் கேட்காத ஒரு குரலில், “என்ன சொல்றாங்க?” என்றார்.

“அஞ்சு குறைக்கிறாங்க.”

“ஒரு கீறலுக்கு அஞ்சாயிரமா? தங்க முலாமா பூசப் போறாங்க? ரெண்டு இருபத்தெட்டுன்னு போடு.”

“நல்ல பொண்ணா தெரியுது. விட்டுரலாமே.”

“நல்ல பொண்ணுதான். யாரு இல்லைன்னா? ஆனா ஒரேயடியா விட்டுட்டா, வண்டில வேற என்னமோ கோளாறுன்னு ராத்திரியெல்லாம் தூங்காது. போடு.”

2,28,000 போட்டேன். காஸைச் சின்னதாக வைத்துவிட்டு இருவரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான்கு நிமிடத்தில் 2,26,000 வந்தது.

“இப்ப ஏத்துக்க” என்றார். “இதுக்கு மேல போனா அவங்களுக்கு மனசு விட்டுரும்.”

ஏற்கிறேன் என்பதைத் தொட்டேன். அவளுடைய எண் வந்தது. அவளே அழைத்தாள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வருகிறாளாம். ஆடிப் பதினெட்டு, சாலையெல்லாம் கூட்டமாக இருக்கும் என்றேன். “எனக்கு அன்னிக்குத்தாங்க்கா லீவு” என்றாள்.

அவர் மத்தியானம் முழுவதும் வண்டியைக் கழுவினார். டாஷ்போர்டில் இருந்த பழைய ரசீதுகள், என் சிவப்பு மைப் பேனா, உடைந்த குடை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சாவியைப் பழையபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. நாளை வயிற்றுவலி என்பார். அல்லது ஆர்.சி. அட்டையைக் காணோம் என்பார். அல்லது நான் குளிக்கும் நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று, கடைசியாக ஒரு சுற்று, போய்விடுவார். மூன்றாவதை நினைத்து, நாளை அவர் எழுவதற்கு முன்பே குளித்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நடந்தது இது.

ஐந்து மணிக்கு நான் எழுந்தபோது அவர் குளித்து முடித்து உட்கார்ந்திருந்தார். வண்டி நின்ற இடத்தில் நின்றது. பூஜை அலமாரியில் விபூதித் தட்டுக்குக் கீழே இருந்து இன்னொரு சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். தினம் நான் விளக்கேற்றும் இடம் அது.

எட்டேகாலுக்கு ரோஸ்லின் வந்தாள். முப்பது வயதிருக்கும். தனியாகத்தான் வந்தாள். அவர் வண்டியின் இடது பக்கத்துக்கு அழைத்துப் போய், குனிந்து, விரலால் தடவித் தடவிக் காட்டினார். “இது எங்க கேட்டு. இது குப்பத்தொட்டி.” மூன்றாவதில் விரல் நின்றது. “இது சைக்கிள்ம்மா. பத்து வயசுப் பொண்ணு. விழலை. எறங்கி ஓடிப் பாத்தேன். பயந்துபோய் என்னைத் திட்டக்கூட இல்லை. எனக்கு ரெண்டு பக்கமும் கண்ணு தெரியாது. ஓட்டியிருக்கக் கூடாது. என் தப்பு.”

ரோஸ்லின் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “க்ளாக்கோமாவா சார்?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆமாம்மா.”

அந்தச் சொல்லை இந்த வீட்டில் முதல் முறையாகக் கேட்டேன்.

ஓட்டிப் பார்க்க அவளோடு போனோம். அவர் முன்னால் இடப்பக்கம், நான் பின்னால். தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பினோம். அவள் நன்றாக ஓட்டுகிறாள். வீட்டுக்கு வந்து படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு சாவிகளையும் அவரே கொடுத்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை கேட்டருகே நின்றார். அது திரும்பிய பிறகும் நின்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது நேர் எதிரே. வண்டி போனது இடப்பக்கம்.

நாளையிலிருந்து நான் ஏழு ஐம்பது பேருந்து. அவர் பகல் முழுவதும் வீட்டில் என்ன செய்வார் என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

புளியோதரையை எடுத்துக்கொண்டு பேருந்தில் போனோம். சத்திரம் பேருந்து நிலையத்தில் மாறி, மாம்பழச் சாலையில் இறங்கி நடந்தோம். நடப்பதற்கே இடமில்லை.

“எடது பக்கம் சைக்கிள்” என்றேன். நின்றார். சைக்கிள் போனது. நடந்தோம்.

மண்டபத்தின் படித்துறையில், எல்லோரும் எங்களை இடித்துக்கொண்டு இறங்கும் இடத்தில், என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“எத்தனை படி இருக்கு மங்கை?”

எண்ணிச் சொன்னேன். தண்ணீர்வரை ஏழு.